டேஷ்போர்டில் போக்கும் வரத்தும்: ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பெரிய திரையில் விரியும் விற்பனை டேஷ்போர்டுக்குள் இறங்கிய ஒரு மேலாளர், இறங்கிய இடத்துக்கே பத்திரமாக ஏறி வருவது எப்படி என்பதை ஆராய்தல் நுதலிற்று. உள்ளே போகும் வழிகளைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். வெளியே வருவதைப் பற்றி எழுதியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் யாரும் சட்டை செய்யவில்லை என்பது கீழே நிறுவப்படும்.

டேஷ்போர்டு என்றால் எது என்பதிலேயே புலவர்களுக்குள் பிணக்கு உண்டு. ஸ்டீபன் ஃபியூ என்பவர், ஒரே திரையில் அடங்கி ஒரே பார்வையில் கண்காணிக்கத் தோதாக இருப்பதே டேஷ்போர்டு என்று 2006-இல் வெளிவந்த தம் நூலில் இலக்கணம் வகுத்தார். இதை ஒப்புக்கொண்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஒரே திரைக்குள் எங்கே போவது, எங்கிருந்து வருவது? நல்லவேளையாக நம் அலுவலகங்களில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே டேஷ்போர்டு என்பது கீழே டேப் டேப்பாக நீண்டு, ஓரத்து அம்புக்குறியை அமுக்கினால் இன்னும் சில டேப்களைக் காட்டி, அவற்றில் ஒன்று ‘பேஜ் 7’ என்றும் அடுத்தது ‘டூப்ளிகேட் ஆஃப் பேஜ் 7’ என்றும் பெயர் தாங்கி நிற்பது. நூலில் இருப்பது ஒன்று, வழக்கில் இருப்பது வேறு. இக்கட்டுரை வழக்கின் பக்கம் நிற்கிறது.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் மூதாதையைத் தேடினால் தென் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. சிலி நாட்டில் அலெண்டே ஆட்சியில் அரசுடைமையான ஆலைகளையெல்லாம் ஓரிடத்திலிருந்து கவனிக்க வழி வேண்டும் என்று 1971-இல் ஸ்டாஃபோர்டு பீர் என்ற ஆங்கிலேய மேலாண்மை அறிஞரை அழைத்தார்கள். அவர் தலைமையில் உருவானது சைபர்சின் திட்டம். ஆலைகளிலிருந்து டெலக்ஸ் வழியாகக் கணக்கு வரும். சான்டியாகோவில் அறுகோண வடிவில் ஓர் அறை. அதில் ஏழு சுழல் நாற்காலிகள். நாற்காலியின் கைப்பிடியில் பெரிய பெரிய பொத்தான்கள், பக்கத்திலேயே சிகரெட் சாம்பலைத் தட்ட ஒரு குழி. விசைப்பலகை கிடையாது. அந்த அறையில் உட்காரப்போகிற பெரிய மனிதர்களுக்குத் தட்டச்சு வராது. அவர்களுக்கும் திரைக்கும் நடுவே ஒரு தட்டச்சுக்காரரை உட்காரவைப்பதும் பீருக்குச் சம்மதமில்லை. எனவே பொத்தான். கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சுவரில் படம் மாறும்.

படம் எப்படி மாறியது என்பதுதான் சுவாரசியம். சுவரில் தெரிந்த வரைபடங்களைக் கம்ப்யூட்டர் வரையவில்லை. வடிவமைப்பாளர்கள் கையால் வரைந்து, ஸ்லைடாக்கி, சுவருக்குப் பின்னால் அடுக்கிவைத்தார்கள். பொத்தானைத் தட்டினவருக்கோ எல்லாம் தானாக நடப்பதுபோலத் தெரிந்தது. 1973 செப்டம்பர் 11-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததோடு அறையும் போயிற்று. ஆனால் அந்த ஏற்பாடு அழியவில்லை. இன்றும் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பொத்தான் தானாக வேலை செய்கிறது என்றே நம்புகிறார். பின்னால் யாரோ ஒரு பெண் ராத்திரி பதினோரு மணிக்கு, ‘கோயம்புத்தூர்’, ‘கோவை’, ‘சிபிஇ’ என்று மூன்று பெயரில் வந்த ஒரே ஊரை ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறார்.

பீரின் நாற்காலிக் கைப்பிடியில் ‘பின்னால் போ’ என்று தனியாக ஒரு பொத்தான் இருந்ததா என்பது மேலாய்வுக்கு உரியது. இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று சொல்லும் துணிவு இக்கட்டுரையாளருக்கு இல்லை.

மற்ற முன்னோரை விரைவாகக் கடக்கலாம். தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும், ஆனால் மடக்கை விகிதத்தில்தான் கூடும் என்றார் ஹிக், 1952-இல். இலக்கு சிறுத்தும் தொலைவிலும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும் என்றார் ஃபிட்ஸ், 1954-இல். இதைச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டுமா என்று கேட்பவர்கள், டேஷ்போர்டு செய்பவர்கள் மூக்குப்பொடி அளவுக்கு ஐகான் வைப்பதைப் பார்த்ததில்லை. 1956-இல் மில்லர் எழுதிய ஏழு, கூட்டல் கழித்தல் இரண்டு என்ற கட்டுரையைக் காட்டி மெனுவில் ஏழுக்கு மேல் வைக்கக்கூடாது என்பார்கள். அவர் சொன்னது, கேட்டதை உடனே திருப்பிச் சொல்லும்போது மனத்தில் எத்தனை நிற்கும் என்பது பற்றி. கண்ணெதிரே எழுதித் தொங்குகிற மெனுவை யார் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்? ‘மூன்று கிளிக் விதி’ என்று இன்னொன்று உண்டு. எதையும் மூன்று கிளிக்குக்குள் எட்டாவிட்டால் ஆள் ஓடிவிடுவார் என்பது. ஜோஷுவா போர்ட்டர் 2003-இல் சோதித்துப் பார்த்தார். ஓடுபவர் ஓடுவதற்கும் கிளிக் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் தெரியவில்லை. விதி இன்னும் உயிரோடிருக்கிறது. பவர்பாயின்ட்டில் ஏறிய எந்த விதியும் லேசில் சாவதில்லை.

நிற்க வேண்டிய இடம் பென் ஷ்னைடர்மன். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1996-இல் எழுதிய கட்டுரையில் இத்துறையின் மூலமந்திரத்தை அருளினார்: முதலில் மொத்தத்தைக் காட்டு, பிறகு நெருங்க விடு, வடிகட்ட விடு, கேட்டால் விவரம் கொடு. மறந்துவிடப் போகிறார்களே என்று அதைத் திரும்பத் திரும்ப அச்சிடவும் செய்தார். பலன் கிடைத்தது. ஓஎம்ஆர் சாலையில் எந்தக் கட்டடத்தில் நுழைந்து எந்த அனலிஸ்ட்டைத் தட்டி எழுப்பினாலும் இந்த நான்கையும் சொல்வார்.

ஆனால் அந்தக் கட்டுரையில் இருப்பவை நான்கு அல்ல, ஏழு. ஐந்தாவது, ஒன்றுக்கொன்று உள்ள உறவைக் காட்டு. ஆறாவது, வந்த வழியை நினைவில் வைத்திரு. செய்ததை மாற்றவும், பின்னால் போகவும், மறுபடி நடந்து பார்க்கவும் விடு. ஏழாவது, வேண்டியதை வெளியே எடுத்துக்கொண்டு போக விடு.

மந்திரத்தில் சேராத இந்த மூன்றுக்கும் யாரும் பூசை போடவில்லை. ஆறாவது அடியோடு கைவிடப்பட்டது. ஏழாவது மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஏன் பிழைத்தது என்பதே இவ்வாராய்ச்சியின் மையக் கேள்வி.

களம்

கோவையில் மோட்டார் பம்பு விற்கும் நிறுவனம் ஒன்றின் மாதாந்திர விற்பனைக் கூட்டம் களமாகக் கொள்ளப்பட்டது. பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடாது. எல்லா இடத்திலும் இதேதான். பதிவான உரையாடல் வருமாறு:

“தம்பி, அந்தச் சேலத்தக் கொஞ்சம் அமுக்குங்க.”

“அமுக்கியாச்சுங்க சார்.”

“அதுல சப்மெர்சிபிள் மட்டும்.”

“வந்துருச்சுங்க.”

“டீலர் வாரியாத் தெரியுமா?”

“ரைட் கிளிக் பண்ணோணுங்க... இதோங்க சார்.”

“செரி. இப்பப் பழையபடி காட்டுங்க.”

“எதுங்க சார்?”

“முன்ன இருந்துச்சே தம்பி. சேலம் முழுசா. அது.”

இந்த இடத்தில் அறையில் ஒரு மௌனம் நிலவியது. தம்பி மவுஸை அங்குமிங்கும் நகர்த்தினார். ஒரு பாரை அமுக்கினார். பக்கத்துப் படங்கள் மங்கின. வெற்றிடத்தில் அமுக்கினார், தெளிந்தன. கடைசியில் ரீசெட்டை அமுக்கினார். சேலமும் போயிற்று, சப்மெர்சிபிளும் போயிற்று, கூட்டம் தொடங்கும் முன்பே அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த போன வருஷமும் போயிற்று.

“மொதல்ல இருந்து வரோணுங்க சார்.”

“விடுங்க தம்பி. எக்செல்ல எறக்கி மெயில் போட்டுருங்க.”

இங்கே நடந்ததை ஷ்னைடர்மனின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மொத்தம் இருந்தது, நெருங்கினார்கள், வடிகட்டினார்கள், விவரமும் கிடைத்தது. மந்திரத்தின் நான்கு அடியும் குறைவின்றி நிறைவேறின. பிறகு மேலாளர் ஆறாவதைக் கேட்டார், கிடைக்கவில்லை, உடனே ஏழாவதற்குப் போனார். இதிலிருந்து பெறப்படும் விதி: ஆறாவது மறுக்கப்பட்டவர் ஏழாவதில் தஞ்சம் புகுவார். இதை ஆறு-ஏழு விதி என்று பெயரிட்டு வழங்கலாம்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. எந்த ரிப்போர்ட் சாஃப்ட்வேரிலும் அதிகம் அமுக்கப்படும் மூன்றாவது பொத்தான் எது? ஓகே, கேன்சல், அதற்கடுத்து எக்ஸ்போர்ட் டு எக்செல். சொல்லிவிட்டு அனலிஸ்ட்டுகள் வருத்தமாகச் சிரிப்பார்கள். இத்தனை வண்ணத்தில் செய்து கொடுத்தும் இந்த ஜனங்கள் கட்டம் போட்ட தாளுக்கே ஓடுகிறார்களே, ரசனை இல்லையே என்று. ரசனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எக்செல்லில் கன்ட்ரோல்-இசட் இருக்கிறது. போட்ட ஃபில்டர் கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். தன் இஷ்டத்துக்குப் போய்த் தன் இஷ்டத்துக்கு வரலாம். டேஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐ ஒரு படத்திலிருந்து எக்செல் கோப்பாக இறக்கும்போது 1,50,000 வரிசையோடு நிறுத்திக்கொள்ளும், சிஎஸ்வி என்றால் 30,000-தான். அந்த வரம்பு தெரிந்தவர்கள்கூடப் பகுதி பகுதியாக இறக்கி ஒட்டிக்கொள்கிறார்கள். திரும்பி வருவதற்கு மனிதர் எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதற்கு இது சான்று.

எக்செல்லுக்குப் போகாதவர்களும் சும்மா இல்லை. ஆறாவது பணியை அவரவர் சொந்தச் செலவில் செய்துகொள்கிறார்கள். ஒரே ரிப்போர்ட்டை இரண்டு டேப்பில் திறந்து, ஒன்றைத் தொடாமல் வைத்து இன்னொன்றில் விளையாடுபவர் ஒரு வகை. ஒவ்வொரு படியிலும் போனில் திரையைப் படமெடுத்துத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்பவர் இன்னொரு வகை. ‘ரீஜன் — வெஸ்ட், மன்த் — 2, பிராடக்ட் — மோனோபிளாக்’ என்று டைரியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளும் கணக்காளரே இவர்களில் தலைசிறந்தவர். லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டி வாங்கிய மென்பொருளின் நினைவாற்றல் அந்தப் பென்சிலில் இருக்கிறது.

அம்புக்குறி இயல்

போக்கைக் குறிக்கும் அம்புகளைத் தனியாக ஆராய்வது கடன். பவர் பிஐ-யில் ஆண்டு, காலாண்டு, மாதம் என்று அடுக்கு வைத்த ஒரு பார் சார்ட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் மூலையில் சில அம்புக்குறிகள் முளைக்கும். எடுத்தால் மறையும். அளவைப் பொறுத்தவரை ஃபிட்ஸ் பார்த்தால் கண்ணீர் விடுவார். மேல்நோக்கிய அம்பு ஒன்று. கீழ்நோக்கிய ஒற்றை அம்பு ஒன்று. கீழ்நோக்கிய இரட்டை அம்பு ஒன்று. கவட்டை போலப் பிரிந்து கீழே போகும் அம்பு ஒன்று. ஆக, ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு மூன்று.

ஒற்றை அம்பு ஒரு சுவிட்சு. அது போடப்பட்டிருக்கும்போது பாரை அமுக்கினால் உள்ளே இறங்கும். போடப்படாதபோது அதே பாரை அதே விரலால் அமுக்கினால் இறங்காது. பக்கத்துப் படங்களில் அந்தப் பங்கை மட்டும் தூக்கிக் காட்டும். ஒரே செய்கை, இரண்டு பொருள். சுவிட்சின் நிலையைத் தெரிவிப்பது அந்தச் சின்ன ஐகானின் நிறம்.

இரட்டை அம்பும் கவட்டை அம்பும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, பகையாளிகள். கவட்டை அம்பு ஒவ்வோர் ஆண்டையும் அதன் காலாண்டுகளாக விரிக்கும்: 2023 முதல் காலாண்டு, 2023 இரண்டாம் காலாண்டு என்று. இரட்டை அம்போ ஆண்டைத் தூக்கியெறிந்துவிட்டு எல்லா ஆண்டுகளின் முதல் காலாண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே பாராக நிறுத்தும். கூட்டத்தில் இதைத் தவறி அமுக்கிய நொடியில் விற்பனை பல மடங்கு உயரும். யாராவது கைதட்டத் தொடங்குவதற்குள் மேல் அம்பை அமுக்கிவிடுவது நல்லது.

இதில் இன்னொரு உட்சிக்கல். மென்பொருள் தேதிப் பத்தியிலிருந்து தானாக உண்டாக்கும் அடுக்கில் முதல் காலாண்டு என்பது ஜனவரி முதல் மார்ச் வரை. நம் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதன்படி ஜனவரி-மார்ச் நான்காம் காலாண்டு. இலக்கு எட்ட வேண்டிய கடைசி மூன்று மாதம், பில் போட்டுத் தள்ளுகிற காலம். திரையில் முதல் காலாண்டு கொழுத்து நிற்பதைப் பார்த்து, ‘ஏப்ரல்ல நல்லாப் போயிருக்கே’ என்று மகிழ்ந்த முதலாளிகள் உண்டு. சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் வேறு ஊரில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும் இந்த நிலை, வழி தவறுவதைவிட மோசம்.

நின்ற இடம் தெரியாமை இத்துறையின் பெருநோய். பவர் பிஐ சேவையில், ஒருவர் போட்ட ஃபில்டரை அவருக்காக அடுத்த முறைக்கும் நினைவில் வைத்திருப்பது இயல்பான ஏற்பாடு. ரிப்போர்ட் செய்தவர் நினைத்தால் அணைக்கலாம், நினைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் உட்கார்ந்து ‘சேலம், பிப்ரவரி’ என்று வடிகட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கிய மண்டல மேலாளர், திங்கட்கிழமை திறந்ததும் தமிழ்நாட்டு விற்பனை மொத்தமும் சரிந்து கிடப்பதைக் கண்டு ஆறு ஊருக்குப் போன் போடுகிறார். ஃபில்டர் இருக்கிற பலகை வலப்புறம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது, இடத்தை அடைக்கிறது என்று. கவனிக்க: மென்பொருளுக்கு நினைவாற்றல் இல்லை என்று முன்பு சொன்னது பிழையன்று. நாம் மறக்க விரும்புவதை நினைவில் வைக்கிறது, நினைவில் வைக்க வேண்டியதை மறக்கிறது.

வரத்து இயல்

உள்ளே நுழையத் தெரிந்து வெளியே வரத் தெரியாமல் போனவர் என்றால் அபிமன்யு நினைவுக்கு வருவார். சக்கரவியூகத்தை அபிமன்யு பக்கமிருந்தே எல்லோரும் பார்க்கிறார்கள். வகுத்த துரோணர் பக்கமிருந்து பார்ப்பதில்லை. துரோணருக்கு அதில் வழி தவறும் பேச்சே இல்லை. அது அவர் வரைந்தது. டேஷ்போர்டு செய்தவரிடம் ‘திரும்பி வரமுடியவில்லை’ என்றால் அவர் முகத்தில் தெரியும் திகைப்பு உண்மையானது. பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சோதித்துப் பார்ப்பவரும் அவரே.

வரத்து என்பது எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம், பெங்களூரு போதும். டேலி. 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள். தமிழ்நாட்டில் அரிசி மண்டியிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் வரை அதைத் தெரியாத கணக்குப்பிள்ளை இல்லை. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் ‘சண்ட்ரி டெப்டார்ஸ்’ இருக்கும் பிரிவின் மேல் என்டர் தட்டுங்கள், உள்ளே குரூப். இன்னொரு என்டர், அதன் லெட்ஜர்கள். இன்னொன்று, ஒரு லெட்ஜர், மாதம் மாதமாக. இன்னொன்று, அந்த மாதத்து வவுச்சர்கள். இன்னொன்று, அந்த ஒரே ஒரு பில். இப்போது எஸ்கேப். ஒரு தட்டுக்கு ஒரு படி. போன வழியே, போன வரிசையிலேயே, எந்த வரியில் நின்று உள்ளே போனீர்களோ அந்த வரியிலேயே கர்சர் காத்திருக்கும். தட்டிக்கொண்டே வந்தால் கேட்வே ஆஃப் டேலி. அதற்கும் மேல் தட்டினால், போகட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும். மரியாதை தெரிந்த மென்பொருள்.

இருபது வருஷம் டேலி ஓட்டிய ஒருவரின் இடது கைச் சுண்டுவிரலைக் கவனியுங்கள். எஸ்கேப்பின் மேலேயே கிடக்கும். அவர் பயமில்லாமல் உள்ளே போவதற்குக் காரணம் அந்த விரல். தெரியாத பொத்தானைக்கூட அமுக்கிப் பார்ப்பார். தப்பென்றால் ஒரு தட்டு. அதே மனிதரை டேஷ்போர்டின் முன் உட்காரவைத்தால் கையைக் கட்டிக்கொள்கிறார். இளைஞர்கள் இதைப் பார்த்து, பெரியவர்களுக்குப் புதுத் தொழில்நுட்பம் வராது என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆகவே நேவிகேஷனை மேம்படுத்துகிறேன் என்று புறப்படுகிறவர்கள் இன்னொரு மெனு, இன்னொரு பொத்தான் என்று போக்குக்கே வழி வெட்டாமல் வரத்துக்கு வழி செய்யலாம். விவரத்துக்குத் தாவும் டிரில்-த்ரூ பக்கம் செய்தால் பவர் பிஐ தானே ஒரு பேக் பொத்தானை வைத்துக் கொடுக்கிறது. அழகைக் கெடுக்கிறது என்று அதை அழிக்காமல் இருந்தாலே பாதி புண்ணியம். (வடிவமைக்கும் கணினியில் அதற்குக் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அமுக்கவேண்டும், வெளியிட்ட பின் வேண்டாம், இதை அறியாமல் வேலை செய்யவில்லை என்று அழித்தவர்களும் உண்டு.) பக்கத்தின் தலையில் ‘சேலம், சப்மெர்சிபிள், பிப்ரவரி 2025: விற்பனை’ என்று, ஃபில்டர் மாறினால் தானும் மாறும் தலைப்பு ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமை நோய் குணமாகும். டேப்களுக்கு ‘யார் பாக்கி?’, ‘எந்த ஊர் சரிந்தது?’ என்று, கூட்டத்தில் கேட்கிற மாதிரியே பெயர் வைக்கலாம். பக்கத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் புக்மார்க்குகளை அடுக்கி மாய நேவிகேஷன் கட்டுவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஒரு படத்தை மாற்றினால் எல்லா புக்மார்க்கையும் உட்கார்ந்து புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

தடையும் விடையும்

இனிமேல் டேஷ்போர்டே வேண்டாம், ஏஐ-யிடம் ‘சேலத்தில் ஏன் குறைந்தது?’ என்று தமிழிலேயே கேட்டால் பதில் சொல்லிவிடும். போக்கும் இல்லை வரத்தும் இல்லை என்பாரும் உளர். அவர்கள் ஒருமுறை அந்த அரட்டைப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்க வேண்டும். நாலு கேள்வி கேட்டதும் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டுகிறார். முன்பு கேட்டதும், வந்த பதிலும், கேட்ட வரிசையில் அங்கேயே இருக்கின்றன. ஷ்னைடர்மனின் ஆறாவது பணி, யாரும் திட்டமிடாமலே அங்கே நிறைவேறிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் அரட்டைப் பெட்டியை விரும்புவதற்குச் சொல்லப்படும் பெரிய காரணங்களோடு இந்தச் சின்னக் காரணத்தையும் சேர்த்துக்கொள்க.

வரத்தைச் சரிசெய்துவிட்டால் எக்செல்லுக்கு இறக்குவது அடியோடு நின்றுவிடுமா, அப்படியானால் ஆறு-ஏழு விதியை நிரூபித்துக் காட்டு என்பது மற்றொரு தடை. அடியோடு நிற்காது. டேலியிலும் எக்ஸ்போர்ட் இருக்கிறது, ஆல்ட்-இ. ஆனால் பில்லைத் தேடி உள்ளே போன கணக்குப்பிள்ளை, வழி தெரியாமல் அதை அமுக்கி எவரும் பார்த்ததில்லை. ஆடிட்டர் கேட்டால் அமுக்குவார்.